நூற்றுத் தொண்ணூற்றாறு

முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதற்கு வெகுகாலம் முன்பு, பத்து வயதில், ஒன்றையும் இரண்டையும் கூட்டி நான்கு என்று எழுதினேன். தெரியாமல் எழுதவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய ஒருத்தி போன பங்குனியில் காலமாகிவிட்டாள்.

அப்போது நாங்கள் தென்காசியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரிஜிஸ்தர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. நாள் முழுவதும் பத்திர எண்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஒரு பித்துப் பிடித்திருந்தது. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் எண் கண்ணில் பட்டால் அன்று முழுக்க நல்ல நாள். அப்படிப்பட்ட எண்ணுக்கு இருதலை மணியன் என்று பெயர் வைத்திருந்தார். தலை எது வால் எது என்று தெரியாத பாம்பின் பெயர் அது. 1961 பிறந்தபோது, தலைகீழாகப் பிடித்தாலும் இந்த வருஷம் அதேதான் என்று காட்டுவதற்காக, அம்மா எவ்வளவு சொல்லியும் கேளாமல் புதுக் காலண்டரை மூன்று நாள் தலைகீழாக மாட்டி வைத்திருந்தார். அதிலிருந்த முருகனும் மயிலும் மூன்று நாள் தலைகீழாக நின்றார்கள்.

அந்தப் பித்து என்னைவிட அக்காவை நன்றாகப் பிடித்துக்கொண்டது. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எஸ்.எஸ்.எல்.சி. தேறி வீட்டில் இருந்தாள். எண்களோடு நிறுத்தாமல் சொற்களுக்கும் போனாள். குடகு, விகடகவி என்று தேடித் தேடி அடுக்குவாள். எங்கள் தெருவில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள், ஆனால் அக்கா மட்டும் சோற்றுக்கு மோர் ஊற்றும்போது "மோரு போருமோ" என்றுதான் கேட்பாள். எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அது மாறாது என்பதால்.

எந்த எண்ணையும் இருதலை மணியனாக்கும் வித்தை ஒன்றும் அவளிடம் இருந்தது. எண்ணைத் திருப்பிப்போட்டு, இரண்டையும் கூட்ட வேண்டும். வரவில்லையென்றால் வந்த விடையைத் திருப்பிப்போட்டு மறுபடி கூட்ட வேண்டும். ஐம்பத்தேழும் எழுபத்தைந்தும் நூற்று முப்பத்திரண்டு. அதைத் திருப்பிக் கூட்டினால் முந்நூற்று அறுபத்து மூன்று. வந்துவிட்டது. பெரும்பாலான எண்கள் மூன்று நான்கு கூட்டலில் வந்துவிடும். அப்பா இதைப் பார்த்து இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில்கூட வேறு பேச்சுப் பேசவில்லை.

அக்கா இந்தக் கூட்டல்களைக் கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் போடுவாள். பொங்கல் கழிந்து ஒருநாள் அவள் எழுதிக்கொண்டிருந்த எண் தாளின் அகலத்தையே நிறைத்துக்கொண்டு கிடந்தது. அடியில் ஏழெட்டுத் தாள்கள். என்ன கணக்கு என்றேன். "இது மட்டும் வரவே மாட்டேங்குலே" என்றாள். எந்த எண்ணில் தொடங்கினாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆனியில், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நேரத்தில், அக்காவுக்குப் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. அதே வாரம் புளியங்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு எலுமிச்சங்காய் கமிஷன் கடை, இரண்டு லாரி. நல்ல மனிதர் என்று ஊரே சொன்னது. அது உண்மையும்கூட. வாசலில் நின்ற லாரியைச் சுற்றிச் சுற்றி வந்த என்னை அவர் கூப்பிட்டு என் தோளில் கைபோட்டார்.

"கல்யாணம் மட்டும் முடியட்டும் மாப்ள. முன்னால ஒக்கார வச்சு ஆரியங்காவு வரைக்கும் கொண்டுபோறேன். ஹாரன் நீதான் அடிக்கணும்."

அன்றிலிருந்து நான் அந்த லாரியிலேயேதான் இருந்தேன்.

அப்பா அக்காவிடம் விருப்பத்தைக் கேட்டார். கேட்டதே அந்தக் காலத்துக்கு அதிகம். உங்க இஷ்டம்ப்பா என்று அவள் சொன்னாள். அதற்குமேல் ஒரு பெண் சொல்வதற்கு எங்கள் வீடுகளில் வார்த்தை கிடையாது. ஆனால் பாளையங்கோட்டைக் கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துக்கொண்டு, உலை வைக்கப் போகும்போதெல்லாம் எடுத்துப் படித்தாள்.

அப்பாவுக்குக் கடைசியில் ஒரு வழி தோன்றியது. குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு, கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், விவரமறியாத பிள்ளை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வது. எங்கள் பக்கத்தில் பெரிய காரியங்கள் இப்படி முடிவாவது வழக்கம். அந்தப் பிள்ளை நான்தான் என்றும் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். பூவுக்குப் பதிலாக எண்ணை வைத்துப் பார்க்கலாமே என்றாள். அப்பாவுக்குப் பிடித்த இந்த வருஷத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம், 1961-இல் கடைசி ஒன்றை விட்டுவிட்டால் 196. தம்பியே கூட்டட்டும். இருதலை மணியன் வந்தால் புளியங்குடி, வராவிட்டால் பாளையங்கோட்டை. சாமி காரியத்தில் கணக்கு எதற்கு, ஊர் சிரிக்கும் என்று அம்மா முனகினாள். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. பத்துக் கூட்டலுக்குள் வரவேண்டும் என்று வரம்பு வைத்தார். எப்படியும் வந்துவிடும், கல்யாணம் நிச்சயம் என்று அவர் நினைத்தது எனக்கே தெரிந்தது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் நான் மார்க் அட்டையில் 34-ஐ 84 ஆக்கியிருந்தேன். பத்திரங்களில் திருத்தல்களைக் கண்டுபிடித்தே பழகிய அப்பாவின் கண்ணிலிருந்து அது தப்பவில்லை. இடுப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டார். கடைசி இரண்டு அடி, நடுவில் வந்து விழுந்த அக்காவின் தோளில்தான் விழுந்தது. இனி ஒரு இலக்கத்தைத் திருத்தினால் பள்ளிக்கூடம் கிடையாது, கடைத்தெருவில் மூட்டை தூக்க விட்டுவிடுவேன் என்றார். அப்பா சொன்னால் செய்பவர்.

குற்றாலத்தில் அன்று வெயிலும் சாரலும் மாறி மாறி அடித்தன. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம். அப்பாவின் மூக்குக்கண்ணாடி நனையாமலிருக்க அம்மாவின் பைக்குள் துண்டில் சுருட்டிக் கிடந்தது. காகிதமும் ஈரம், பென்சில் எழுத்தும் அழுத்தமில்லாமல் மங்கலாகத்தான் விழுந்தது. சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எழுதத் தொடங்கினேன்.

196-உம் 691-உம் 887. அதைத் திருப்பிக் கூட்டினால் 1675. பிறகு 7436. பிறகு 13783. ஐந்தாவது கூட்டலில் 52514. எண் வளர்ந்துகொண்டே போனது, வருகிற மாதிரியே இல்லை. அக்கா தூணில் சாய்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை அந்த வாரம் முழுவதும் நான் பார்க்கவில்லை. எனக்கோ லாரி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஆறாவது கூட்டலைப் போட்டேன். 94039.

இரண்டு ஓரத்திலும் ஒன்பது. நடுவில் பூஜ்யம். இடது பக்கம் நான்கு, வலது பக்கம் மூன்று. அந்த மூன்று மட்டும் நான்காக இருந்தால் போதும். கட்டைவிரல் ஈரமாகத்தான் இருந்தது. ஒரு தேய்ப்பில் மூன்று போய்விட்டது. நான்கு என்று எழுதினேன்.

"அப்பா, வந்துட்டு."

அப்பா தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்து இடமிருந்து ஒருமுறை, வலமிருந்து ஒருமுறை படித்தார். தொண்ணூற்று நாலாயிரத்து நாற்பத்தொன்பது. தாளைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். அம்மா சன்னதியை நோக்கி விழுந்து கும்பிட்டாள். இருதலை மணியனைக் கண்டுவிட்டால் அப்பாவுக்கு மேலே உள்ள வரிகள் தெரியாது. கண்ணாடியும் இல்லை.

தாள் அக்காவின் கைக்குப் போனது. சிரித்துக்கொண்டேதான் வாங்கினாள். அவள் விரல் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தது. கடைசிக் கூட்டலில், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நேர் கீழே, தேய்த்த இடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ கூட்டிப் பாக்கியாலே?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"பாத்தாச்சு. சரியாத்தான் இருக்கு."

"அவன் கூட்டல்ல தப்பு வராதுட்டீ" என்றார் அப்பா, பெருமையாக.

அக்கா தாளை நான்காக மடித்து, எட்டாக மடித்து, விரல்நகம் அளவுக்கு ஆக்கினாள். சரிப்பா என்றாள். எழுந்துபோய் ஈரத்துணிகளைப் பிழியத் தொடங்கினாள். நல்லவேளை, அவளுக்குத் தெரியவில்லை என்று நான் நினைத்தேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மச்சான் சொன்ன சொல் தவறவில்லை. ஆரியங்காவு வரை முன்சீட்டில் உட்கார்ந்து போனேன், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். அக்காவின் வாழ்க்கை கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது. மச்சான் அவளைக் கைநீட்டி அடித்ததில்லை. விடிவதற்கு முன் எழுந்து லோடு ஏற்றுகிறவர்களுக்குச் சேர்த்து உலை வைத்தாள், நான்கு பிள்ளைகளை வளர்த்தாள். எலுமிச்சங்காய்க் கூடைகளில் ஒட்டும் சீட்டுகளில் எண் எழுதினாள். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த கணக்கு.

எனக்குக் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்ததைச் சொல்லப் புளியங்குடிக்குப் போனபோது, இலை போட்டுச் சோறு பரிமாறிக்கொண்டே, எல்லார் முன்னாலும் சிரித்தபடி சொன்னாள்:

"பிள்ளைகளுக்கு ஒண்ணும் ரெண்டும் மூணுன்னே சொல்லிக்குடு, என்னலே?"

மச்சானும் பிள்ளைகளும் வேடிக்கைப் பேச்சென்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். அவள் மோர்ச் செம்போடு வந்து நின்று மோரு போருமோ என்றாள். போதும் என்றேன். அன்றே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ முறை போனேன், சொல்லவில்லை.

இன்னும் சில வருஷங்கள் கழித்து ஒரு கணித இதழில் அந்த எண்ணைப் பார்த்தேன். திருப்பிக் கூட்டிக்கொண்டே போனால் ஏறக்குறைய எல்லாச் சிறிய எண்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இருபுறமும் ஒன்றாகிவிடுகின்றன. வராத எண்களில் மிகச் சிறியது 196. யாருக்கும் வந்ததில்லை. பெரிய இயந்திரங்களை வைத்தும் கூட்டிப் பார்த்துவிட்டார்கள், இன்றுவரை வரவில்லை.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. கல்யாணம் முடிந்து புளியங்குடிக்குப் புறப்படும்போது அக்கா அந்தக் காலண்டர் தாள்களை நூலால் கட்டி என்னிடம் கொடுத்தாள். மிச்சத்தை நீ கூட்டிப் பார் என்றாள். கட்டைப் பிரித்ததும் முதல் தாளில் 196, அதன் கீழே 887, 1675 என்று நான் மண்டபத்தில் எழுதிய அதே எண்கள். ஆறாவது வரியில் 94039. மூன்று மூன்றாகவே இருந்தது.

என் திருட்டைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வந்து சரியாகக் கூட்டி வைத்திருக்கிறாள், அப்பா கையில் கிடைத்தால் தொலைந்தேன் என்றுதான் நினைத்தேன். சிற்றாற்றுக்கு ஓடினேன். தாள்கள் அத்தனையையும் படகாக மடித்து ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டேன். முதல் தாளில் செய்த படகின் உள்பக்கம் காலண்டரின் தேதி சிவப்பு மையில் தெரிந்தது. தை மாதத் தேதி. பெண் பார்க்க அவர்கள் வந்தது ஆனியில். நான் தேதியைப் படித்தேன், படகு கல்லில் இடிக்காமல் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.