பத்து எண்ணும்வரை மூச்சு

எங்கள் ஊரில் பெண்கள் பாசி எடுப்பார்கள். குளத்துப் பாசி இல்லை, கடல் பாசி. வத்தை என்கிற சின்னப் படகில் கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனால் தண்ணீருக்கடியில் பாறைத் திட்டுகள் வரும். அதைப் பார் என்று சொல்வோம். முகத்தில் ஒரு கண்ணாடி, விரல்களில் கிழிந்த துணிச்சுற்று, சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய சட்டை, இடுப்பில் வலைப்பை. அவ்வளவுதான் ஆயத்தம். மூச்சைப் பிடித்துக் கீழே போவார்கள், பாறையைச் சுரண்டிக்கொண்டு மேலே வருவார்கள், ஒரு மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் கீழே போவார்கள். ஐஸ்கிரீமிலும் மாத்திரையிலும் அந்தப் பாசியிலிருந்து எடுத்த சரக்கைச் சேர்க்கிறார்களாம். அதற்காக எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் ஐஸ்கிரீமைப் பெரிதாக மதித்துவிடவில்லை.

என் அக்கா அவர்களில் முதல் ஆள். பாசிக்காரப் பெண்களின் சங்கத்துக்கு அவளைத் தலைவியாக்கியது பிறகுதான், அதற்கு முன்பே பாரில் அவள் பேச்சுத்தான் எடுபடும். நான் அவளுக்கு நேர் எதிர். முகத்தில் தண்ணீர் பட்டாலே எனக்குத் திணறும். "இவ கரையிலயே கெடக்கட்டும்" என்று என்னைப் படிக்க அனுப்பினார்கள். நர்ஸுக்குப் படித்தேன். சுற்றிச் சுற்றி எங்கள் ஊருக்கே கிராம சுகாதாரச் செவிலியராக வந்து சேர்ந்தேன். கொரோனா இரண்டாவது தடவை சுழற்றி அடித்தபோது, தோளில் ஒரு பையும் பையில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டருமாக நான்தான் தெருத் தெருவாக அலைந்தேன்.

அப்போது கைப்பேசிகளில் ஒரு வீடியோ சுற்றியது. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கவிட்ட ஒருவர் பேசினார். மூச்சை இழுத்துப் பிடித்துப் பத்து எண்ணுங்கள், இருமாமல் எண்ணி முடித்தால் உங்களுக்குக் கொரோனா இல்லை என்றார். அதைப் பார்த்து மற்ற ஊர்களில் பயந்தவர்கள் இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் அது திருவிழாவாகிவிட்டது. "பத்தா? பத்து எண்ணுறதுக்குள்ள நான் ஒரு பிடி பாசி புடுங்க மாட்டேன்" என்று ஒருத்தி சிரித்தாள். காய்ச்சலோடு படுத்துக் கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். எல்லோரும் பாஸ். மூச்சைப் பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு ஊருக்கு இதைவிடப் பொல்லாத பரிசோதனையைத் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த வீடியோவை எடுத்த ஆள் மட்டும் என் கையில் சிக்கியிருந்தால் தண்ணீரில் அமுக்கி வைத்துப் பத்து எண்ணியிருப்பேன்.

ஊரில் காய்ச்சல் இருந்தது. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் பருவம், காற்றுக்குக் காய்ச்சல் வரும் என்றார்கள். பரிசோதனைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால், "எங்களுக்குத்தான் மூச்சு நிக்குதே" என்றார்கள். அதே மூச்சோடு ஒரே வத்தையில் தொடையோடு தொடை இடித்து உட்கார்ந்து பாருக்குப் போனார்கள். போகாமலும் இருக்க முடியாது. பாசி விளைவதற்காக வருஷத்தில் சில வாரங்கள் இந்தப் பெண்கள் தாங்களே தடை போட்டுக்கொள்வார்கள். எந்த அதிகாரியும் வந்து சொன்னதில்லை. அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் தவிர மற்ற நாட்களில் கடலைத் தொடுவதில்லை என்பதும் அவர்களே வைத்துக்கொண்ட கட்டு. ஊரடங்கில் பாதிப் பிழைப்பு போய், அப்புறம் அந்தத் தடைக்காலமும் கழிந்து, அடுப்பு அப்போதுதான் ஒழுங்காக எரியத் தொடங்கியிருந்தது.

ஒரு மத்தியானம் கரையில் ஓலைக் கொட்டகைக்குக் கீழே அக்கா பாசி ஆய்ந்துகொண்டிருந்தாள். காலையில் பாருக்குப் போய் வந்தவள். போகிற போக்கில், வேடிக்கையாகத்தான், அவள் விரலில் மீட்டரை மாட்டினேன். எண்பத்திரண்டு காட்டியது. தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்கவேண்டிய எண். தண்ணீரில் ஊறிச் சில்லிட்ட விரலில் மீட்டர் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினேன். அதே எண். என் விரலில் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காகக் காட்டியது. பக்கத்து வீட்டுக்காரி விரலில் போட்டேன், ஒழுங்கு. மறுபடியும் அக்காவுக்கு. எண்பத்தொன்று.

அவளோ பாசி வாங்குகிற யாவாரி எடை போடுகிற லட்சணத்தைப் பற்றி இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். குரலில் தளர்ச்சி இல்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"மூச்சு முட்டுதாக்கா?"

"எதுக்கு முட்டணும்?"

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். சின்னப் பெண், அந்த மாதங்களில் தூங்கியிருக்கவே மாட்டாள். சொன்னதைக் கேட்டதும், "உடனே வண்டியில ஏத்துங்க சிஸ்டர்" என்றாள். இந்த நோயில் சிலருக்கு ஆக்சிஜன் குறைவது தெரிவதே இல்லை என்று எனக்கும் தெரியும். அவள் வேறொன்றும் சொன்னாள். "உங்க அக்கா உடம்பு இத்தனை வருஷமா மூச்சு முட்டுறதை அடக்கியே பழகியிருக்கு. அதனால இன்னும் தெரியாம இருக்கலாம். நான் எங்கேயும் படிச்சதில்ல, ஆனா இருக்கலாம்."

போனை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். சிறுவயதிலிருந்து பார்த்த முகம். ஆனால் அன்றைக்கு அது எனக்குப் புதிதாக இருந்தது. எத்தனையோ வருஷங்களாக உடம்பு "மேலே வா, மேலே வா" என்று கத்தக் கத்த, இன்னும் ஒரு பிடி, இன்னும் ஒரு பிடி என்று அதை அதட்டி உட்கார வைத்திருக்கிறாள். இப்போது அது உண்மையிலேயே கத்தவேண்டிய நேரத்திலும் வாய் திறக்காமல் இருக்கிறது. பயத்தில் பாதி, பிரமிப்பில் பாதியாக, ஒரு மனுஷிக்குள் இவ்வளவு அடக்கம் எங்கே இருந்தது என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செத்துப்போவாய் என்று அவளிடம் நேராகவே சொன்னேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. அவள் கையிலிருந்த பாசியைக் கீழே வைத்தாள்.

"நான் வண்டியேறிட்டா, நாளைக்கு இவளுக கடலுக்கு எறங்குவாளுகளா?"

"எறங்கத்தான் செய்வாக."

"எங்கூட ஒரே வத்தையில வந்தவளுக."

"ஆமா."

கொஞ்சம் யோசித்துவிட்டு எல்லோரையும் கூப்பிடச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் கொட்டகைக்கு முன்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். தள்ளித் தள்ளி உட்காரச் சொல்லி நான் கத்திக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்து நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே மீட்டர் மாட்டிய விரலைத் தூக்கிக் காட்டி, இந்த எண் இருந்தால் ஆள் பிழைப்பது கஷ்டமாம், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, உங்களுக்கும் தெரியாது என்றாள். எல்லோரும் விரலை நீட்டுங்கள் என்றாள். நீட்டினார்கள். இன்னும் இரண்டு பேருக்கு எண் கீழே கிடந்தது. பத்து எண்ணி ஜெயித்தவர்கள்தான் அவர்களும்.

"இனிமே தடை" என்றாள் அக்கா. "எல்லாருக்கும் காய்ச்சல் நின்னு இவ சரின்னு சொல்ற வரைக்கும் யாரும் பாருக்குப் போகக் கூடாது."

பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். "இப்பத்தானக்கா ஒரு தடை முடிஞ்சுச்சு. எதைத் திங்கிறது?" என்று அக்காவைக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கென்ன தாயி, மாசம் பொறந்தா சம்பளம்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது சரிதான்.

அக்கா அவளைத் திட்டவில்லை. "பாசி வளரட்டும்னு நிறுத்துனோம்ல" என்றாள். "அப்ப ஒருத்தியாச்சும் களவா எறங்குனமா? பாசிக்குச் செஞ்சத நமக்குச் செய்ய மாட்டமா?"

யாரும் சரி என்று சொல்லவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அக்காவும் மற்ற இரண்டு பேரும் ஏறினார்கள்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் காற்றுக்கு நின்ற வரிசையை நான் மறக்கமாட்டேன். சிலிண்டர்கள் லாரியில் வந்து இறங்கின. ஒவ்வொன்று உருண்டு உள்ளே போகும்போதும் வராந்தாவில் இருந்த அத்தனை தலையும் அதோடு திரும்பியது. மூன்று பக்கமும் கடல் காற்று வீசுகிற ஜில்லாவில் காற்று லாரி ஏறி வந்தது. அக்காவுக்கு ஒரு குழாய் கிடைத்தது. அன்று ராத்திரியே கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அப்படிக் கிடைத்துவிடவில்லை என்பதையும் அங்கேயே பார்த்தேன்.

ஊரில் காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கச்சான் அடித்தால் கடல் கலங்கிக் கிடக்கும், இறங்கினாலும் பாறை தெரியாது. ஆகவே முதல் சில நாட்கள் தடையைக் காப்பது பெரிய காரியம் இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் காற்று சட்டென்று விட்டது. நான் மருந்துப் பையோடு கரைப்பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் வற்றி, தெளிந்து, கரையிலிருந்தே பாரின் கறுப்பு தெரிந்தது. பாசி அதன்மேல் அசைந்துகொண்டிருந்தது. பருவத்தில் எப்போதாவது வாய்க்கிற நாள் அது.

பெண்கள் எல்லோரும் கரையில் இருந்தார்கள். ஆளுக்கொரு இடமாகத் தள்ளித் தள்ளி, மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் பழக்கத்தில் கண்ணாடியைக்கூடக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். போலீஸ் இல்லை, பேரிகார்டு இல்லை, தண்டோரா இல்லை. அக்காவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் எழுந்து போய் முழங்கால் தண்ணீரில் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஏறிப் பார் மறையும் வரைக்கும் அப்படியே இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நான் எத்தனையோ உத்தரவுகளைப் படித்துக் காட்டியிருக்கிறேன், அவற்றை மீறுவதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காலையைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. கும்பிடவேண்டும் போல இருந்தது.

அந்தத் தடையால் யார் யார் பிழைத்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. வராமல் போன காய்ச்சலை யார் கண்டார்கள்? ஆனால் அதற்குக் கொடுத்தது என்ன என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. சிலர் வெயிலில் சாயல்குடிப் பக்கம் உப்பளக் கூலிக்குப் போய்க் காலெல்லாம் புண்ணாகி வந்தார்கள். பல வீடுகளில் ரேஷன் அரிசிச் சோறும் உப்பும்தான். பக்கத்து வீட்டுக்காரியின் மகள் காலேஜில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தவள், திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனாள். இன்று வரை படிப்புக்குத் திரும்பவில்லை. நோயை நாம் நன்றாகச் சமாளித்தோம் என்று மேடையில் யாராவது பேசும்போது எனக்கு அந்தப் பெண் முகம்தான் வந்து நிற்கிறது. தடை சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா ஒரு நாள் நர்ஸின் போனில் பேசினாள். "குப்புறப் படுக்கச் சொல்றாகடி. நாள் பூரா குப்புறத்தான். கண்ணாடி ஒண்ணுதான் மாட்டல." பாரில் ஒருத்தியும் இறங்கவில்லை என்று சொன்னேன். "தண்ணி தெளிஞ்சு கெடந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "தெளிஞ்சும் எறங்கலையா" என்றாள். அவள் குரல் உடைந்ததை முதல் தடவையாகக் கேட்டேன்.

பாதி உடம்பாகத் திரும்பி வந்தாள். கூடப்போன இருவரும் வந்தார்கள். ஊரில் காய்ச்சல் நின்று பார் திறந்தது. அக்கா மட்டும் இறங்கவில்லை. மெலிந்து குச்சியாகிப்போன கையில் என் மீட்டரை வைத்துக்கொண்டு வத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் கொடுக்காத ஒருத்தியையும் ஏறவிடாமல் வம்பு செய்துகொண்டிருந்தாள்.

கச்சான் முழுதாக ஓய்ந்து கடல் குளம்போல் கிடந்த ஒரு நாள், என்னைக் கூப்பிட்டாள். "இடுப்பளவுதான். கூட வா" என்றாள். தண்ணீரென்றால் எனக்கு உயிர் போகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் பின்னாலேயே போனேன். கண்ணாடியை மாட்டினாள். "எண்ணு" என்றாள். முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள்.

சத்தமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு என்றதும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தாள். கண்ணாடியைப் பிய்த்து எறிந்தாள். என் தோளை இறுக்கிப் பிடித்தாள். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட, வாயைப் பிளந்து, சத்தம் போட்டுக் காற்றை இழுத்தாள். வாழ்நாளில் அவள் மூச்சு வாங்கும் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"ஏடி... மூச்சு முட்டுதுடி" என்றாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை சொன்னாள். "எனக்கு மூச்சு முட்டுதுடி."

எங்கள் கரையிலேயே நெடுநேரம் கீழே நிற்கக்கூடியவள் அன்றோடு முடிந்துபோனாள் என்று எனக்குத் தெரிந்தது. அவள் உடம்புக்கு வாய் திரும்பிவிட்டது என்றும் தெரிந்தது. இரண்டுக்கும் சேர்த்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஓவென்று அழுதேன்.

"எதுக்கு இப்ப அழுகுறவ" என்றாள் அக்கா, இரைப்பு இன்னும் அடங்காமல். "எண்ணு, இன்னொரு தடவை பாப்போம்."