வியாழக்கிழமை கட்டிய வாடகை

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் கோவிந்தராசுவைப் பத்து வருடமாகப் பார்த்துக்கொள்பவள் அஞ்சலாட்சி. பால்காரர் முதல் கேபிள்காரர் வரை அந்த வீட்டில் யாருக்கு எப்போது பணம் தர வேண்டும் என்பது அவளுக்கு மனப்பாடம். போன தை மாதம், மேட்டுப்பாளையம் கம்பெனியில் வேலை செய்யும் பெரியவரின் மகன் வெற்றிவேல், அவளுக்கு உதவியாகப் பூர்ணிமாவை அமர்த்தினான். வீட்டுக் கணக்குச் செயலி போட்ட போனையும் பூர்ணிமா கையிலேயே கொடுத்தான். அன்று முதல் அஞ்சலாட்சிக்குச் சோறு இறங்கவில்லை.

செயலியோ, கட்டிய பில்லைக்கூடக் கட்டவில்லை என்று சிவப்பில் காட்டியது. பூர்ணிமா அழிப்பாள், அடுத்த வாரம் மறுபடி முளைக்கும்.

"என்னாடி, படிச்ச பொண்ணு, போனு ஒம் பேச்சக் கேக்க மாட்டேங்குதா?"

"நீங்க வேறக்கா! பணம் போயிருக்கு, ஆனா பாக்கின்னு சொல்லுது."

சிவப்பில் நின்ற பில்களின் கெடுத் தேதிகளை அஞ்சலாட்சி சுவர்க் காலண்டரில் பார்த்தாள். எல்லாமே வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று வீட்டுப் பணம் வெளியே போகக் கூடாது என்று முந்தைய நாள் வியாழக்கிழமையே கட்டச் சொல்பவள் அவள்தான். செயலி வெள்ளிக்கிழமைப் பணத்துக்காகக் காத்துக் கிடந்தது. புரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. தவிக்கட்டும், போன் தானாகத் தன் கைக்கு வரும்.

ஒருநாள் எரிச்சலில் பூர்ணிமா, பெரியவர் படுத்திருக்கும் காற்று மெத்தையின் வார வாடகையைச் செயலியிலிருந்து அடியோடு நீக்கிவிட்டாள். பிறகு அதை நினைவூட்ட எதுவும் இல்லை. ஒரு சனிக்கிழமை வாடகைக் கடை சிலம்பரசன் வாசலில் வந்து நின்றான்.

"மூணு வாரமா பணம் வரல. மெத்தைக்குக் காத்தடிக்கிற மோட்டார கழட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க."

அன்று வீட்டிலிருந்த வெற்றிவேல் பூர்ணிமாவை முறைத்தான். பூர்ணிமாவுக்குக் கண் கலங்கியது. அஞ்சலாட்சி ஆசைப்பட்ட காட்சிதான். ஆனால் மெத்தையில் காற்று இல்லையென்றால் பெரியவர் முதுகு இரண்டே நாளில் புண்ணாகிவிடும். போன வருடம் அந்தப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியவள் அவள்.

"அவள ஏன் தம்பி மொறைக்கிற? வெள்ளிக்கெழம காசு குடுக்காதன்னு சொன்னது நானு. ஒரு நாள் முன்னாடி கட்டுனா அந்தப் போனுக்குத் தெரியல."

"இவ்ளோதானாக்கா?" பூர்ணிமா போனை எடுத்து, இரண்டு நாள் முன்பின் கட்டினாலும் அதே பில்லில் சேர்க்கும்படி மாற்றினாள், வாடகையை மறுபடி ஏற்றினாள். சிவப்பு ஒவ்வொன்றாக மறைந்தது. வெற்றிவேல் பாக்கியை அனுப்ப, சிலம்பரசன் கிளம்பினான்.

"கெட்டிக்காரிதான் நீ," என்றான் வெற்றிவேல், பூர்ணிமாவிடம்.

அஞ்சலாட்சி பெரியவரைப் புரட்டி முதுகைத் தடவிப் பார்த்தாள். தோல் நன்றாகத்தான் இருந்தது. அவள் வயிறுதான் எரிந்தது.

"ஏண்டி கெட்டிக்காரி, போன வச்சிட்டு அந்தப் பக்கம் புடி."