காலையில் காணாமற்போன கணினி

அன்ரோனெற் என் தம்பியின் மனைவி. மன்னாரில் எங்கள் ஊரான அரிப்பில், கோவில் மண்டபத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிறாள். மண்டபத்தைக் கூட்டி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது நான்.

சண்டையால் இடம்பெயர்ந்து, ஊருக்குத் திரும்பி இரண்டாம் வருடம் அது. கணினிகளைத் தந்த நிறுவனத்தார், வெள்ளிக்கிழமை வந்து பார்ப்போம், புதிய பாடம் நடக்காவிட்டால் எல்லாவற்றையும் வேறு ஊருக்கு ஏற்றிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பாடத்துக்குக் கணினிக்குள்ளே இன்னொரு கணினி வேண்டுமாம். அதற்குப் பெட்டி இல்லை, வயர் இல்லை. திரைக்குள் ஒரு யன்னல் மாதிரித் திறக்கும். பிள்ளைகள் அதைக் குழப்பினாலும் உண்மையான கணினிக்கு ஒன்றும் ஆகாது. அவள் எனக்கு விளங்கப்படுத்தியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அதைப் போட்டு, செபஸ்தியார் என்று பெயர் வைத்தாள். செவ்வாய் காலையில் அது இல்லை. திரும்பப் போட்டு லூர்து மாதா என்று வைத்தாள். புதன் காலையில் அதுவும் இல்லை. பிறகு அந்தோனியார். வியாழன் காலையில் அவரையும் காணவில்லை.

"புனிதர்மாரும் இடம்பெயர்ந்திட்டினம் போல கிடக்கு பிள்ளை," என்றேன்.

"பகிடி விடாதேங்கோ மச்சாள். நாளைக்கு வருகினம்." அவள் கண் கலங்கியிருந்தது.

கடைசியில், மன்னார் ரவுனில் கணினி திருத்துகிற டினேஷுக்குப் போன் எடுத்தாள். அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"அக்கா, அதை எதில வைச்சிருக்கிறியள்?"

"வெளியால கொழுவுற டிஸ்க்கில. உள்ளுக்க இடம் காணாது."

"இரவில டிஸ்க் எங்க?"

"என்ர பைக்குள்ள."

"ஏனக்கா பைக்குள்ள?"

"பின்ன எங்க வைக்கிறது? அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் அதுக்கதானே. திடீரெண்டு வெளிக்கிடச் சொன்னா?"

எங்கள் வீட்டுக் கதவடியிலும் அப்படியொரு பை தொங்குகிறது. அவள் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

"காலமை எப்ப திரும்பக் கொழுவுறனீங்கள்?"

"கொம்பியூட்டரைப் போட்டு, பிள்ளையளோட செபம் சொல்லிப்போட்டு."

"அதுதான் அக்கா. கொம்பியூட்டர் எழும்பேக்கயே டிஸ்க்கைத் தேடும். இல்லாட்டி, அப்பிடியொரு மெசின் இல்லையெண்டு விட்டிடும். பிறகு நீங்கள் கொழுவினாலும் திரும்பிப் பாக்காது. டிஸ்க்கைக் கொழுவி வைச்சுக்கொண்டு, ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ. இனி இரவிலயும் கழட்டாதேங்கோ."

நிப்பாட்டினாள். திரும்பப் போட்டாள். நான் மனதுக்குள் அருள்நிறைந்த மரியே மந்திரம் சொல்லி முடிக்கவில்லை, திரையில் செபஸ்தியார், லூர்து மாதா, அந்தோனியார் மூவரும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றார்கள். அன்ரோனெற் மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டு அவள் முதுகைத் தடவினேன்.

"ஒண்டு காணும் அக்கா. மற்ற ரெண்டையும் அழிச்சுப்போடுங்கோ," என்றான் டினேஷ்.

"மாதாவை அழிக்கிறதோ? நீ போனை வை."

பின்னேரம் கதவைப் பூட்டும்போது, "டிஸ்க்கை விட்டிட்டு வரவோ மச்சாள்?" என்று கேட்டாள்.

"விட்டிட்டு வா."

மறுநாள் காலையில் மூவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நிறுவனத்திலிருந்து வந்த அம்மா, பிள்ளைகள் யன்னலைத் திறந்து வேலை செய்வதை நின்று பார்த்தா. "அப்ப இதெல்லாம் இஞ்சயே நிக்கட்டும்," என்றா. ஏற்றிப் போகக் கயிறும் சாக்கும் போட்டு வந்த வாகனம் வெறுமையாகத் திரும்பியது. அன்ரோனெற் அன்று சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி கேட்டாள்.