மச்சானின் தோணி

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மச்சான், கடலைப் பார்த்ததே நாலைந்து முறைதான் இருக்கும். விருதுநகர் பஜாரில் பருப்பும் மல்லியும் வியாபாரம். மதுரைக்குப் பஸ்ஸில் போனாலே திருமங்கலம் தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அப்பேர்ப்பட்டவர் தூத்துக்குடியில் ஒரு பழைய மரத்தோணியை வாங்கினார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தோணி. அவரைவிட வயதில் மூத்தது.

வாங்கிய மறுவாரமே கப்பல் முதலாளி ஆகிவிட்டார். பள்ளிவாசல் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூட, "இன்னைக்குக் காத்து எந்தத் திக்கு?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். எனக்குச் சிவகாசியில் சின்னதாக ஓர் அச்சாபீஸ். விசிட்டிங் கார்டு அடித்துத் தரச் சொன்னார். தோணிப் படம் கைவசம் இல்லாததால் கம்ப்யூட்டரில் கிடைத்த ஒரு பாய்மரக் கப்பலைப் போட்டேன். அதன் பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கி இருந்ததை அடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். மச்சானுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பருப்பு வியாபாரிக்கு எதற்குப் பீரங்கி என்று பஜாரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் தண்டல் அதே தோணியில் சமையல் ஆளாகச் சேர்ந்து, அதிலேயே தலை நரைத்தவர். ஒருநாள் நான் கடையில் இருந்தபோது அவர் போன் பண்ணினார். மச்சான் ஸ்பீக்கரில் போட்டார்.

"முதலாளி, இன்ஜின் ரூம்ல ஒயரெல்லாம் தோல் உரிஞ்சு கெடக்கு. மாத்திட்டுத்தான் லோடு ஏத்தணும்."

"போன நடைக்கும் இதத்தானே சொன்னீக. நல்லபடியாப் போயிட்டு வந்துட்டீகள்ல?"

"வந்துட்டோம். அதான் இப்பவே சொல்லுதேன்."

"அடுத்த நடைக்குப் பாத்துக்கிருவோம்."

போனை வைத்துவிட்டு, "கடல்ல போறவுகளுக்கு எப்பவும் ஒரு பயம் மாப்ள," என்றார், திருமங்கலத்தைத் தாண்ட முடியாதவர். நானும் சிரித்தேன். பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் அடித்துப் பிழைக்கிறவன் நான். ஒரு பொறி என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மச்சான் அந்த வாரம்தான் தோணியின் போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். அதன் அழகைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

அந்த நடையில் என் சரக்கும் இருந்தது. மாலத்தீவுப் பள்ளிக்கூடங்களுக்கு நோட்டு. என் முதல் வெளிநாட்டு ஆர்டர். புதுப் பெட்டி வாங்க மனசில்லாமல், விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மிஞ்சிக் கிடந்த அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி அதில் கட்டி அனுப்பினேன். உள்ளே நாலு கோடு நோட்டு, வெளியே ராக்கெட் படம்.

லோடு ஏறி முடிகிற அன்று, மதியம் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். மச்சான் போன். "மாப்ள, தோணி எரியுதாம்."

நான் கேட்டது, "என் நோட்டு?"

நாரணாபுரம் பட்டாசு ஆலைகள் பக்கம் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் கட்டடம் என்னாச்சு என்று கேட்பதில்லை. உள்ளே யார் யார் இருந்தார்கள் என்றுதான் கேட்பார்கள். அங்கேயே வளர்ந்த எனக்கு அன்றைக்கு அது வாயில் வரவில்லை. சாத்தூரில் மச்சானின் காரில் ஏறிக்கொண்டேன். போகிற வழியெல்லாம் மரத்தைப் பற்றியும் சரக்கைப் பற்றியுமே பேசினோம். எட்டயபுரம் தாண்டியதும் அக்கா போன் பண்ணி, "அதுல இருந்த ஆளுக என்ன ஆனாக?" என்றாள். நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி மச்சான் கட் பண்ணினார்.

நாங்கள் தூத்துக்குடி போய்ச் சேருமுன்பே ஆட்கள் எல்லோரும் தண்ணீரில் குதித்திருந்தார்கள். பக்கத்துத் தோணிக்காரர்கள் கயிறு போட்டு இழுத்துவிட்டார்கள். தண்டல்தான் கடைசி. இரண்டு கையும் வெந்து, ஈரத்துணி சுற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று துறைமுகச் சுவரோரம் உட்கார்ந்து தோணியையே பார்த்துக்கொண்டிருந்தார். வருசக்கணக்காக எண்ணெய் குடித்த மரம். தீயணைப்பு வண்டிகள் அடித்த தண்ணீரை அது கண்டுகொள்ளவே இல்லை. சாயங்காலத்துக்குள் தண்ணீர் மட்டம் வரைக்கும் எரிந்து, ஒருபக்கம் சாய்ந்து, உள்ளே போனது. மச்சான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அழுகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். பக்கத்துத் தோணிகள் ஆடுவதைப் பார்த்து அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

அதற்குள் கருகிய அட்டைப்பெட்டிகள் ராக்கெட் படத்தோடு கரை ஒதுங்கத் தொடங்கின. ஓர் அதிகாரி ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"எந்த ஊர்ச் சரக்கு?"

"சிவகாசி சார். நோட்டு."

"சிவகாசியில இருந்து நோட்டு?"

ஏற்றாமல் மிஞ்சியிருந்த பெட்டி ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, மோந்தும் பார்த்தார். மச்சான் அப்போதுதான் வாயிலிருந்து துண்டை எடுத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். மாப்ள அனுப்புன பெட்டி. நம்மளது பருப்பு."

தண்டல் எழுந்து வந்தார். "பட்டாசெல்லாம் இல்ல சார். இன்ஜின் ரூம் ஒயரு. மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

தண்டல் மச்சானைப் பார்த்தார். மச்சான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அந்தப் போனை நானும் கேட்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரித்த பெட்டியைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு மச்சான் தூத்துக்குடிப் பக்கமே போகவில்லை. சிவகாசிப் பெட்டியால் கப்பல் போனது என்று பஜாரில் சொல்லிவருகிறார். கேட்பதற்கும் அதுதான் நன்றாக இருக்கிறது, எல்லோரும் நம்புகிறார்கள்.

தண்டல் வேறொருவர் தோணியில் சேர்ந்துவிட்டார். சேருமுன் இன்ஜின் ரூமைத் திறந்து காட்டச் சொன்னாராம். வலதுகை விரல் இரண்டு இன்னும் மடங்கவில்லை, கயிற்றை மணிக்கட்டில் சுற்றித்தான் இழுக்கிறார் என்று அக்கா சொன்னாள். அவள்தான் அவருக்குப் போன் பண்ணுகிறாள். நாங்கள் இரண்டு பேரும் பண்ணுவதில்லை.