மொட்டைக்கழுத்துச் சேவலின் யோசனை

“…தூங்கல்ல அது, யோசிக்கிது. நீங்க கத்திய உள்ளுக்கு வைங்க” என்று ராத்தா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் மதில் கதவைத் திறந்துகொண்டு அவர்களுடைய வளவுக்குள் நுழைந்தேன். எனக்கும் என் அக்காவான ராத்தாவுக்கும் உம்மா அடுத்தடுத்த வீடுகளைக் கொடுத்ததால், அவர்கள் வீட்டுச் சண்டை எதையும் நான் தவறவிட்டதில்லை.

கிணற்றடியில் ராத்தாவின் புருஷன், மச்சான், கத்தியோடு நின்றார். முருங்கை மரத்தடியில் மொட்டைக்கழுத்துச் சேவல் கண்ணை அரைவாசி மூடி, இறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. இரண்டு பேருக்கும் நடுவில் ராத்தா.

எங்கள் பக்கம் கோழிச்சீக்கு வந்திருப்பதை மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பெருநாளும் இருக்காது, விருந்தும் இருக்காது, ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு கோழிக்கறி மணக்கும். தானாகச் செத்த கோழி ஹராம். அதனால் பக்கத்து வளவில் ஒன்று தலையைத் தொங்கப்போட்டது என்று கேள்விப்பட்டதுமே, நன்றாக மேய்ந்துகொண்டிருப்பதையும் பிடித்து பிஸ்மி சொல்லி அறுத்துவிடுவோம். பிறகு கறியைத் தின்றுகொண்டே, எந்த இனக் கோழி சீக்கைத் தாங்கும் என்று வாதாடுவோம்.

மச்சான் அடிக்கடி கட்சி மாறுபவர். முதலில் ஊர்க்கோழிக்குச் சீக்கே அண்டாது என்றார். அண்டியது. பிறகு பண்ணையிலிருந்து சிவப்பு முட்டைக்கோழிகளை வாங்கிவந்து, இதுகள் குஞ்சிலேயே சொட்டுமருந்து விட்டவை, ஒன்றும் ஆகாது என்றார். திரும்ப விடவேண்டிய மருந்தை மறந்துபோனார். இந்தமுறை முதலில் சாய்ந்தவை அவைதான். ஒன்றே ஒன்று மிச்சம்.

ராத்தாவின் கட்சி என்றைக்கும் மொட்டைக்கழுத்து. போன சீக்கில் அந்த வளவில் உயிரோடு மிஞ்சியது இந்தச் சேவல் மட்டும்தான். அது சீக்கைத் தாங்கியதா, அல்லது பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி மச்சானிடமிருந்து தப்பியதா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம். ராத்தாவுக்குச் சந்தேகமே கிடையாது. இதன் வித்தில் குஞ்சு எடுத்தால்தான் இனி வளவில் கோழி நிலைக்கும் என்று நம்பியிருந்தார். வேறு சேவல் இல்லை. இதை அறுத்தால் அந்த வம்சம் சட்டியோடு சரி.

“இஞ்ச பாரு புள்ள, உன்ட ராத்தாவுக்குச் சொல்லு” என்றார் மச்சான் என்னிடம். “இது விழுந்துட்டெண்டா மறுகா ஒண்டும் செய்ய ஏலாது. இவ்வளவு இறைச்சியும் மண்ணுக்குள்ள.”

“போனாப் போகட்டும். சீக்குக் கோழிய ஆர் திங்கிற?” என்றார் ராத்தா.

“இப்பதானே யோசிக்கிது எண்டாய். அதுக்குள்ள சீக்கா?”

ராத்தா முந்தானையை இழுத்துச் செருகினார். “எது தாங்குதெண்டு நாம எப்பயாச்சும் பொறுத்துப் பார்த்திருக்கமா? தாங்காதத சீக்கு கொல்லுது. தாங்குறத நாம கொல்றம். மறுகா தாங்குற கோழி எங்கால வாற?”

மச்சான் கத்தியின் கூரைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.

கடைசியில் பின்னேர அஸர் பாங்கு வரைக்கும் தவணை கொடுத்தார். “அதுக்குள்ள நிமிர்ந்தா உன்ட. இல்லாட்டி என்ட” என்று சொல்லிவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் பிளேன்டீ போட்டுக் கொண்டுவந்தேன். சேவல் அசையவில்லை. ராத்தா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். ஒரு சேவலுக்காக யாரும் இவ்வளவு ஓதி நான் பார்த்ததில்லை.

பாங்கு ஒலிக்கத் தொடங்கியது. மச்சான் மரியாதைக்கு அது முடியும்வரை பொறுத்திருந்து, கத்தியோடு எழும்பினார். அந்த நேரம் பார்த்து, மிஞ்சியிருந்த சிவப்புக் கோழி கிணற்றுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. சேவல் கண்ணைத் திறந்தது. மொட்டைக் கழுத்தை நீட்டியது. இறகை ஒருதரம் உதறிவிட்டு, கிணற்றைச் சுற்றிச் சுற்றி அதைத் துரத்தத் தொடங்கியது.

மச்சான் கத்தியைத் தாழ்த்தினார்.

“இவ்வளவு நேரமும் இதத்தானா யோசிச்ச?”

ராத்தா சிரிக்கக்கூட இல்லை. மச்சானின் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு போய், குசினிப் படியில் குந்தி, இரவுக் கறிக்கு வைத்திருந்த பூசணிக்காயைப் பிளக்கத் தொடங்கினார்.