முந்நூறு பேர் பார்த்தாக வேண்டும்

ஒயிலாட்டம் ஆடுவது எளிது. ஆடியதால் நாட்டுக்கு என்ன பயன் என்று அரசாங்கப் படிவத்தில் எழுதத்தான் தெம்பு வேண்டும். படிவத்துக்கு முன்னால் உட்கார்ந்து வியர்த்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. கடல் தாண்டி வந்து குடியேறிய இந்தத் தீவில், டாலிகஞ்ச் பகுதியில், எங்கள் குழுவுக்குப் பாட்டும் நான்தான், கணக்கும் நான்தான்.

பதினொன்று

கலைக்கு உதவும் திட்டத்தில் எங்களை வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்கு அனுப்பி ஆடவைக்க உத்தரவு வந்தது. பஸ், தங்க இடம், சம்பளம் எல்லாம் அரசு பொறுப்பு. ஆனால் பதினொரு பேர் என்று போட்டிருந்தது. எதிரெதிராக ஆட இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து பேர். தவில் ஒருவர், பாட நான். ஆகமொத்தம் பன்னிரண்டு.

அலுவலக வாசலில் அரைமணி நேரம் நின்றேன். கூப்பிடாமல் உள்ளே போக எனக்கு வராது. கடைசியில் வங்காளி குமாஸ்தாவே எட்டிப் பார்த்தார். ஒருவர் குறைந்தால் எதிர் வரிசையில் ஒருவர் துணையில்லாமல் நிற்பார் என்று விளக்கினேன். பேனாவை எடுத்து ஒன்றைக் கூட்டிக்கொண்டே, குவார்ட்டர்ஸ் பக்கத்து வீட்டில் கற்ற தமிழில் சொன்னார்: "அரே அங்கிள், ஆட்டத்துக்கு ஆள் கேக்குறீங்களா, எல்லாருக்கும் ஜோடி தேடுறீங்களா?"

செருப்புக் கணக்கு

அவரே கையோடு படிவமும் கொடுத்தார். முந்நூறு பேராவது பார்த்திருக்க வேண்டும், குறைந்தால் அடுத்த வருஷம் உதவி கிடையாது என்றார். உதவி நின்றால் பயிற்சிக்குக் கூடம் இல்லை. கூடம் இல்லையென்றால் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போகிற ஆறு பேரை நான் எங்கே கூட்டுவேன்? குழு அதோடு சரி.

திக்லிபூர் மைதானத்தில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். ஜனங்கள் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். தலைகளை எண்ணினால் அசையும், செருப்பு அசையாது. தவில்காரர் தனியாக வாசித்த கால்மணி நேரத்தில் நான் இறங்கிப்போய் குனிந்தபடி எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டு. அதாவது இருநூற்றாறு பேர். செருப்போடு பின்னால் நின்றவர்கள் முப்பத்தொன்று, மடியில் இருந்த குழந்தைகள் ஒன்பது. மொத்தம் இருநூற்று நாற்பத்தாறு. டீக்கடை போட்டிருந்த வங்காளி அம்மாள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு அண்ணன் முறை வைத்துக் கேட்டார்: "தாதா, செருப்பு காணோமா? நான் ஒரு பக்கம் தேடட்டுமா?"

அந்தோணியின் யோசனை

ஐம்பத்து நான்கு பேர் குறைகிறார்கள் என்றதும் குழுவில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. முன்வரிசையில் ஆடும் அந்தோணி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பம். என் முகத்தைப் பார்த்ததும் இவர் பொய் எழுதமாட்டார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கும் வழி வைத்திருந்தான்: "அண்ணாச்சி, செருப்புக்கு ஒரு ஆளுன்னு போடுங்க. நீங்க எண்ணினதுதானே, பொய்யாகாது!"

பயன்

படிவத்தின் கடைசிக் கட்டம், சமூகத்துக்கும் பொருளாதாரத்துக்கும் விளைந்த பயன். ஊர் திரும்பியதும் அதைக் குமாஸ்தா எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பார்த்தவர்கள் இருநூற்று நாற்பத்தாறு. டீக்கடையில் மற்ற நாள் இரண்டு பாக்கெட் பால்பவுடர், அன்று ஐந்து. ஊர்த் தையல்காரர் எங்களுக்குக் கிழிசல் தைத்த சட்டை மூன்று. வேலித் தகராறில் முகம் பாராத தெலுங்குக் குடும்பமும் வங்காளிக் குடும்பமும் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்தார்கள்; ஆனால் பேசிக்கொள்ளவில்லை. குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்: "அங்கிள், இதை எழுதிக் கொடுத்தா நீங்களே உங்க குழுவைக் கலைச்ச மாதிரி."

மேடம்

இருந்தும் அப்படியே அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து அதிகாரி கூப்பிட்டனுப்பினார். மலையாளத்து அம்மா, தமிழ் நன்றாகப் பேசுவார். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். முந்நூறு வரவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். எந்த முந்நூறு என்று கேட்டார். சொன்னதும் குமாஸ்தா பக்கம் திரும்பினார். அப்படி ஒரு விதியே கிடையாதாம். இவருக்கு முன்னால் இருந்த குமாஸ்தா சொன்னதையே இவரும் சொல்லி வந்திருக்கிறார்.

அம்மா படிவத்தை மறுபடி ஒருமுறை படித்தார். பால்பவுடர் வந்த இடத்தில் சிரித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

"இருநூறு பேர் உட்கார்ற ஹாலுக்கு ஆயிரம்னு எழுதி வருது ஐயா, அதை நான் எப்படி மேலே அனுப்புவேன்? இதை அனுப்பலாம். அடுத்த வருஷம் உங்களுக்கு ரெண்டு ஊர். ஆனா அந்த ரெண்டு குடும்பம் மாதிரி யாராவது உட்கார்ந்தா, பேசினா மட்டும் எழுதுங்க, பேசாததை விட்டுடுங்க!"

இருபத்தெட்டு வருஷம் ஆடியும் பாடியும் கிடைக்காத நல்ல பெயர், ஒரு படிவத்தை ஒழுங்காக நிரப்பியதில் கிடைத்துவிட்டது.