அம்மா நின்ற இடத்தில் என் கேமரா

இன்று கொடைக்கானல் இசைவிழாவில் படமெடுக்கப் போயிருந்தேன். மேடையை ஒட்டி, சால்வை போர்த்திய ஓர் அம்மா நின்றிருந்தார்.

"கொஞ்சம் பின்னாடி போங்கம்மா, மறைக்குது."

"ஒட்டன்சத்திரத்திலருந்து வாரேன் தம்பி. பாடப்போறது எம்மகதான். இங்கனதான் நிக்கச் சொன்னா."

"கொஞ்ச நேரந்தாம்மா" என்று கழுத்தில் தொங்கிய புகைப்படக்காரர் அனுமதி அட்டையைக் காட்டினேன். அம்மா பின்னால் போனார்.

பாடகி வந்தார். பாடிக்கொண்டே முன்வரிசையில் தேடினார். அவர் கண்கள் என் கேமராவில் வந்து நின்றன. க்ளிக் செய்தேன். பிறகுதான் உறைத்தது.

கூட்டத்துக்குள் ஓடி அம்மாவைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

"மன்னிச்சிருங்கம்மா."

"பரவால்ல தம்பி. சத்தம் நல்லா கேட்டுச்சு."

அம்மாவைத் தேடும் அந்த மகளின் முகம்தான் இன்று நான் எடுத்ததிலேயே நல்ல படம். இந்தப் பதிவோடு போடட்டுமா என்று கேட்டால் திட்டுவீர்கள்தானே?